கொழுத்த புள்ளி

உட்காருங்கள், தாராளமாக உட்காருங்கள். இந்தப் பையை மட்டும் தொட வேண்டாம், நானே மடியில் வைத்துக்கொள்கிறேன். இல்லை, சாப்பாடு இல்லை. ஃபிளாஸ்க் என்றால் காப்பிதான் இருக்க வேண்டுமா? உள்ளே ஐஸ். ஐஸுக்கு நடுவில் ஒரு ஜீவன். சேலத்தில் ஏறியதிலிருந்து மடியை விட்டு இறக்கவில்லை.

கோழிப்பண்ணையா உங்களுக்கு? நினைத்தேன். நாமக்கல்லில் ஏறுகிறீர்கள், காலரில் ஒரு இறகு ஒட்டியிருக்கிறது, வேறென்னவாக இருக்க முடியும். அப்படியென்றால் நாம் அந்நியர் இல்லை, பண்ணைக்காரரே. கோழித் தீவனத்தில் மாவு மாதிரி ஒன்று கலப்பீர்களே, லைசின், அது யார் கைச்சரக்கு என்று நினைக்கிறீர்கள்? பரமத்தி வேலூர் தாண்டி, காவிரிப் பாலத்துக்கு முன்னால் இருக்கிறதே திருமுடி அமினோஸ், அங்கே கிருமி வளர்ப்புப் பிரிவுக்கு நான்தான் முதல் தலைவர். தெய்வசிகாமணி. டி.எஸ். என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். தெரியாதா? பரவாயில்லை, உங்களுக்கு அவ்வளவு வயது ஆகவில்லை.

உங்கள் சங்கக் கூட்டத்தில்கூட நான் பேசியிருக்கிறேன். என்ன பேச்சு அது! "மினுமினுவென்று, கால் மஞ்சள் மங்காமல் நிற்கிற கோழியைப் பார்த்து மயங்காதீர்கள். அது முட்டை போடாமல் தின்று கொழுத்தது. இறகு கலைந்து, கால் வெளுத்து, பார்க்கப் பரிதாபமாக ஒன்று நிற்கிறதே, அதுதான் உங்களுக்காக உழைக்கிறது. மினுக்குகிறதைக் கழித்துவிடுங்கள்." கைதட்டல் அடங்கவே இல்லை. கம்பெனி அச்சடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் இருந்ததுதான். ஆனால் சொல்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

எங்கே போகிறேன் என்று கேட்டீர்களே. அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளி விழா. புதிதாக ஒரு கூடம் கட்டியிருக்கிறார்கள், வரிசையாகத் தொட்டிகள், எல்லாம் வெள்ளிக் குடம் மாதிரி பளபளக்கிறதாம். அதற்கு யார் பெயர் வைப்பது என்பதுதான் இப்போது கேள்வி. என் பெயரா, இப்போது அங்கே என் இடத்தில் இருக்கிற அம்மாள் பெயரா. பலகையில் பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இந்த ஃபிளாஸ்குக்குள் இருக்கிறது.

முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். லைசினை யாரும் அடுப்பில் காய்ச்சி எடுப்பதில்லை. கிருமிதான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி, சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற கரும்புப் பாகு, மொலாசஸ் என்பார்கள், அதைத் தின்றுவிட்டு லைசினைக் கக்கும். ஆனால் சும்மா கக்காது. மண்ணில் கிடக்கிற சாதாரணக் கிருமி தனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் செய்யும். போதும் என்று பட்டதும் நிறுத்திவிடும். இதை வைத்து வியாபாரம் நடக்குமா? அதற்குள்ளே போதும் என்று சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து உடைக்க வேண்டும். மரபணுவில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினால் சரி. அப்புறம் அதற்குப் போதும் என்பதே தெரியாது. தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் செய்து செய்து வெளியே கொட்டும். நாம் அள்ளிக்கொள்ளலாம்.

உடைத்தது யாரா? என் பிரிவில் நடந்தது. கையால் செய்தது ஹெலன் பொன்மணி என்று ஒரு பெண், பாளையங்கோட்டைக்காரி, டாக்டர் பட்டம் வாங்கியவள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றபடி நல்ல வேலைக்காரி. ஆனால் பாருங்கள், சோறு ருசியாக இருந்தால் பானையையா பாராட்டுவார்கள்? அந்தக் கிருமிக்கு டி.எஸ். 9 என்று பெயர் வைத்தது நான். ஒன்பது என் பிறந்த தேதிக்கு ஒத்துப்போகிற எண். "சார், மிச்ச எட்டு எங்க?" என்று கேட்டாள். எதையும் நல்ல மனதோடு எடுத்துக்கொள்ளத் தெரியாத பெண்.

முதல் பெரிய தொட்டியில் விதை ஊற்றிய நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. விதை என்றால் அந்தக் கிருமி கலந்த தண்ணீர்தான். முதலாளி அர்த்தநாரி வந்து நின்றார். திருச்செங்கோட்டுக்காரர், லாரி வைத்துப் பிழைத்து மேலே வந்தவர், மனிதர்களைப் பார்த்த மாத்திரத்தில் எடை போடுவார். "டி.எஸ்., நீங்க ஊத்துங்க. உங்களுக்குக் கைராசிங்க" என்றார். நான் ஊற்றினேன். லைசின் அப்படிக் கொட்டியது. அன்றையிலிருந்து என் கை படாமல் அங்கே ஒரு தொட்டியும் ஓடக் கூடாது என்று உத்தரவு. ஹெலன் பக்கத்தில் நின்று, "மாசக்கணக்கா நான் கண்ணு முழிச்சது எந்த ராசில சேரும் சார்?" என்று கேட்டாள். கன்னி ராசி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளைத் தவிர.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு தொட்டிக்கும் ஃப்ரீசரில் உறைய வைத்த மூலக் கிருமியிலிருந்து புதிதாக ஒரு சின்னக் குப்பி எடுப்பாள். கிருமித் தீனி பரப்பிய கண்ணாடித் தட்டில் தேய்ப்பாள். மறுநாளுக்கு மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாக முளைக்கும், ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமியின் வம்சம். ஒவ்வொன்றும் எவ்வளவு லைசின் தருகிறது என்று அளப்பாள். அளந்து முடிக்கவே நாளாகும். அப்புறம்தான் தொட்டி. இவ்வளவு தாமதம் எதற்கு? ராசியான கை இருக்கும்போது அளவு எதற்கு? நான் ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தேன். ஃப்ரீசரைத் திறக்க வேண்டாம். ஓடி முடித்த தொட்டியிலிருந்தே ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் தேய்க்க வேண்டியது. காலையில் நான் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு வந்து, நல்ல புள்ளியாகப் பார்த்து ஒன்றைத் தொட்டுக் கொடுப்பேன். அதுதான் அடுத்த தொட்டிக்கு விதை. பிறகு அதிலிருந்து அடுத்தது. எவ்வளவு மிச்சம் பாருங்கள்!

நல்ல புள்ளி எது என்று கண்டுபிடிப்பதில்தான் எங்களுக்குள் தகராறு. நான் நடுவில் கொழுகொழுவென்று வெண்ணெய் உருண்டை மாதிரி இருப்பதைத் தொடப் போனால் அவள் குறுக்கே கை வைப்பாள்.

"சார், அந்தப் பெருசு வேண்டாம்."

"ஏம்மா, எவ்வளவு லட்சணமா இருக்கு?"

"லட்சணமாத்தான் இருக்கும். அதுக்குப் பழைய புத்தி திரும்பிருச்சு. போதும்னு நிறுத்திட்டு, திங்கறதெல்லாம் தன் உடம்புலயே போட்டுக்கிடுது. இந்தா, ஓரத்துல ஊசிமுனை கணக்கா நிக்கி பாருங்க. இதுதான் நமக்குக் கொட்டிக் குடுத்துட்டு எளைச்சுக் கெடக்கு."

"எளைச்சதை எடுத்து வச்சா வம்சம் வெளங்குமா?"

"கல்யாணத்துக்கா சார் பாக்கோம்?"

பாருங்கள் பேச்சை. கொழுத்ததைத் தொட்டு எடுத்தேன்.

என்ன, என்னவோ சொல்ல வந்தீர்கள்? கோழி மாதிரியா? அது எப்படி, பண்ணைக்காரரே? கோழி வேறு, கிருமி வேறு. கோழிக்குக் கால் இருக்கிறது, மஞ்சளா வெளுப்பா என்று பார்க்கலாம். கிருமிக்குக் கால் ஏது? நீங்கள் முழுவதும் கேளுங்கள்.

அந்தக் கோடையில் என் தொட்டிகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னெல்லாம் கஞ்சித்தண்ணி மாதிரி இருந்தது, இப்போது கூழாகத் திரண்டது. வளர்ச்சி என்றால் அதுதான் வளர்ச்சி. ஒரு நாள் நுரை பொங்கி, மேல் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. ஆட்கள் பயந்து ஓடினார்கள். நான்தான் கூப்பிட்டு நிறுத்தினேன். "பொங்குதுய்யா, நல்ல சகுனம், குரல் குடுங்க" என்றேன். தொட்டியைச் சுற்றி நின்று பொங்கலோ பொங்கல் என்று எல்லோரும் கத்தினார்கள். ஹெலன் படிக்கட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். மகிழ்ச்சியான இடத்தில் அவளுக்கு எப்போதும் தலைவலி வந்துவிடும்.

சரி, உள்ளதைச் சொல்கிறேன், லைசின் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம் என்றால், முதலில் கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். பொடியாக்கும் பிரிவில் ஆட்கள் உட்கார்ந்து பீடி பிடிக்கிற அளவுக்குக் குறைந்தது. சாக்குத் தைக்கிற பெண்களை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நான் காரணம் தேடினேன். மொலாசஸ் சரியில்லை என்று ஆலையை மாற்றினேன். ஆற்றுத் தண்ணீர் சரியில்லை என்று போர் போட்டேன். கண்திருஷ்டி என்று தொட்டிக்குத் தொட்டி பூசணிக்காய் கட்டினேன், எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டேன். ஒரு மனிதன் இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி செய்ய முடியும்? புள்ளியையும் முன்னைவிடக் கவனமாகத்தான் எடுத்தேன். இருப்பதிலேயே பெரிது எதுவோ அதைத்தான்.

அந்த நேரம் பார்த்து அவள் முதலாளியிடம் போய் நின்றாள். நானும் அறையில் இருந்தேன்.

"மொதலாளி, கிருமி கொழுத்துருச்சு" என்றாள்.

"கொழுத்தா நல்லதுதானுங்களே?"

"யாருக்கு?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். என் முகத்தைக்கூட இல்லை, வயிற்றைப் பார்த்தாள். அப்புறம் சொல்கிறாள், "தொட்டி முழுக்கத் தின்னுட்டுப் படுத்துக் கெடக்குறதுதான் நிக்கி. ஒழைக்கிற கொஞ்சநஞ்சத்தை அது நெரிச்சே கொன்னுருச்சு. ஒழைக்கறதுக்கு வளர நேரம் இல்லை, வளர்றதுக்கு ஒழைக்கணும்னு அவசியம் இல்லை. நாம வேற தினம் விபூதி பூசிட்டு வந்து, அதையே பாத்துப் பாத்துத் தூக்கி விடுதோம்."

இது கிருமியைப் பற்றிய பேச்சா, சொல்லுங்கள்? என் வேலையைப் பற்றியும், விபூதியைப் பற்றியும், உடம்பைப் பற்றியும் ஒரு பெண் நாலு சுவருக்குள் இப்படிப் பேசலாமா? அன்று சாயங்காலம் முதலாளியைத் தனியாகப் பார்த்து, குழு மனப்பான்மை இல்லை என்று சொன்னேன். அவளைச் சாக்குக் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆய்வகத்தில் ஜன்னல் கிடையாது. அங்கே ஆற்றுக்காற்று நன்றாக வரும்.

அவள் போன பிறகு என் பிரிவில் அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. தொட்டிகள்கூடச் சத்தம் போடவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள். கம்பெனியையே பூட்டிவிடுவார்கள் என்று கேன்டீனில் பேச்சு. ஒரு நாள் முதலாளி வெயிலில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு சாக்குக் கட்டும் கோடிக் கொட்டகைக்கு நடந்து போனார். சர்க்கரை இருக்கிறது, நடக்கச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கூட ஹெலன் வந்தாள். தலையெல்லாம் சணல் தூசி.

ஃப்ரீசரைத் திறந்தாள். அடியில் கிடந்த பழைய குப்பி ஒன்றை எடுத்தாள். "ஒரே ஒரு நிபந்தனை மொதலாளி. டி.எஸ். சார் கை இதுல படக் கூடாது" என்றாள். என் காதில் விழுகிற மாதிரியேதான் சொன்னாள். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, "சரிங்க" என்றார். கைராசி என்று என்னை ஊரறியச் சொன்ன அதே வாய்!

அவள் ஓட்டிய தொட்டியைப் போய்ப் பார்த்தேன். கஞ்சித்தண்ணி. நுரை இல்லை, திரட்சி இல்லை, பார்க்கவே ஏழைத்தனம். இதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று சிரித்துவிட்டு வந்தேன். லைசின் பழையபடி வந்தது உண்மைதான். ஆனால் அந்த வாரம்தான் புதுக் கரும்பு அரைக்க ஆரம்பித்திருந்தார்கள், மொலாசஸ் தேன் மாதிரி வந்துகொண்டிருந்தது. இதை நான் எடுத்துச் சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. எழுந்து போனார்கள்.

உடனே எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். பணிக்காலம் இன்னும் பாக்கி இருந்தது. ஆனாலும் பெரியவர்களைக் கௌரவிக்கும் விஷயத்தில் முதலாளிக்குத் தாமதம் பிடிக்காது. சால்வை, மாலை, வாசல்வரை கார். அவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு விழாவை நான் பார்த்ததே இல்லை. அன்று என் டி.எஸ். 9-ஐயும் ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. "எல்லாத்தையும் கொண்டு போயிருங்க சார்" என்று அவளே பையைப் பிடித்துக் கொடுத்தாள்.

அன்றையிலிருந்து அதை என் வீட்டில், என் கண்ணில் வைத்து வளர்க்கிறேன். ஃபிரிட்ஜில் தயிருக்கும் மாவுக்கும் நடுவில் இடம். மாதம் தவறாமல் புதுத் தட்டு, புதுத் தீனி. புள்ளியில் கொழுத்ததாக ஒன்றைத் தொட்டு அடுத்த குழாய்க்கு. என் மனைவி சிவகாமி சொல்வாள், "அதுக்குப் போடற சர்க்கரையில பாதி எனக்குப் போட்டிருந்தா காப்பியாவது இனிச்சிருக்கும்" என்று. பெண்களுக்கு அறிவியலில் இவ்வளவுதான் ஈடுபாடு.

முதலாளி காலமாகி, இப்போது மகன் சிபி. அமெரிக்காவில் படித்த பையன், கலகலப்பானவன். வெள்ளி விழா என்றதும் விடாமல் போன் செய்தேன். இன்றைக்கு நீங்கள் ஓட்டுகிற கிருமி என் டி.எஸ். 9-இன் பிள்ளைதான், அசலை நான் வைத்திருக்கிறேன், கூடத்துக்கு என் பெயர்தான் நியாயம் என்றேன். பலமுறை சொன்னேன். கடைசியில், "கொண்டாங்க சார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டிருவோம். ஞாயித்துக்கிழமை மேடையிலயே ரிசல்ட்டைப் படிச்சு, ஜெயிச்சவங்க பேரை அங்கேயே எழுதிருவோம்" என்றான். பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. விழா வேலை நடக்கிற இடம், சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது. மச்சினன் குடும்பம், சம்பந்தி வீடு, தெருவில் நாலு பேர் என்று எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து வருகிறார்கள். மருமகன் வீடியோ எடுக்கிறான்.

நேற்று அவள் போன் செய்தாள். ஹெலன்தான். இப்போது அவள்தான் அங்கே ஆராய்ச்சி இயக்குநர். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"சார், சிபி வெளையாடுதான். அவன் பேச்சைக் கேட்டு மேடைக்குக் கொண்டு வராதீங்க. முன்னாடியே எங்கிட்ட குடுத்துருங்க, சத்தமில்லாம நானே அளந்து சொல்லுதேன். சரியா வரலேன்னா, வழியில ஐஸ் உருகிச் செத்துப் போச்சுன்னு சொல்லிருவோம். நீங்க சும்மா விழாவுக்கு வந்து முன்வரிசைல உக்காருங்க. யாருக்கும் எதுவும் தெரியாது."

"அவ்வளவு பயமா உனக்கு?" என்று கேட்டேன்.  "ஆமா சார், பயமாத்தான் இருக்கு" என்றாள். பார்த்தீர்களா, ஒப்புக்கொண்டுவிட்டாள்!  தோற்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எட்டிப் பாருங்கள், மூடியைத் திறக்கிறேன். ஐஸ் நன்றாக இருக்கிறது. இந்தக் குழாய்தான். எப்படி மெத்து மெத்தென்று, மஞ்சள் பாலாடை மாதிரி, கண்ணாடி தெரியாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது! ஒரு குறை சொல்லுங்கள் பார்ப்போம். என்ன கேட்டீர்கள்? எவ்வளவு லைசின் தருகிறது என்றா? அளந்து பார்த்தேனா என்றா? என்ன பண்ணைக்காரரே, பெற்ற பிள்ளையை யாராவது தராசில் நிறுத்துவார்களா? முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா?

ஏன் ஃபிளாஸ்கையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள்? வேலூர் தாண்டிவிட்டது, அதோ புகைபோக்கி தெரிகிறது. போன் வேறு அடிக்கிறது. அவள்தான். அடிக்கட்டும். வாசலில் வரவேற்க யாராவது நிற்பார்கள், பழைய சால்வையைப் போட்டுக்கொள்கிறேன். ஒரு நிமிஷம் இந்த ஃபிளாஸ்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டக்டர், கம்பெனி வாசலில் நிறுத்துங்கள்! டி.எஸ். இறங்குகிறார்!

பார்த்து, பார்த்து. ஏன் மூடியைக் கழற்றுகிறீர்கள்? என்னங்க இது, ஜன்னலுக்கு வெளியே எதற்குக் கொண்டு போகிறீர்கள்? ஐஸெல்லாம் ரோட்டில் கொட்டுகிறது, குழாய் விழுந்துவிடப் போகிறது! ஐஸ் உருகிச் செத்துப் போச்சு என்று சொல்லிவிடலாம் என்கிறீர்களா, நீங்களும் அவள் கட்சியா? கண்ணெல்லாம் வேறு கலங்கியிருக்கிறது, தீவனத் தூசியா? நல்லவேளை, எட்டிப் பிடித்தேன். குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

கொடுங்கள் இப்படி. இதெல்லாம் ராசியான கையில் இருக்க வேண்டிய பொருள்.